என் மேல் நானே போட்ட வழக்கு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரே சொல்லும். பூந்தமல்லி கோர்ட்டில் வக்கீலாக இருந்தவரை அது தொழிலுக்கு உதவியது. எதிர்க்கட்சி மேடைகளில் இன்னும் நன்றாக உதவியது. கோட்டைக்குப் போய் அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் போயிற்று. "கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டினீர்களே, அதோடு கோபத்தையும் மாட்டிவிட்டுப் போங்கள்" என்றாள் என் மனைவி. மாட்டவில்லை. மாட்டாமல் போனது நல்லதுக்குத்தான் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

இது ஒரு வழக்கின் கதை. வழக்கை நடத்தியவரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மனுவில் அவர் முதல் வாதி. அப்படிக் கூப்பிட்டே பழகிவிட்டேன். கோர்ட் வாசலில் பார்த்து, "என்ன முதல் வாதி, சௌக்கியமா?" என்றால், "கீறோம் வக்கீலய்யா" என்று சிரிப்பார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நெமிலிச்சேரியிலிருந்து உள்ளே தள்ளிப் போகும் ஒரு சிற்றூர். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் பிழைத்த குடும்பம். அம்பத்தூர் பக்கம் தொழிற்சாலைகள் வந்ததும் அவர் ஏரைத் தொடாத முதல் ஆளாக ஓர் இரும்பு வார்ப்படப் பட்டறையில் சேர்ந்தார். முன்கை முழுக்கத் தீப்பொறி பட்ட தழும்புகள்.

அறுபதுகளில் எங்கள் பக்கத்தில் நிலம் கைமாறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். போன போகம் நெல் விளைந்த இடத்தில் இந்தப் போகம் கல் நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. திருநெல்வேலித் தமிழும் கோயம்புத்தூர்த் தமிழும் ஒரே தெருக்குழாயில் சண்டை போட்டுக்கொண்டன. கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையை ஒட்டி ஓர் அறை எடுத்துப் பலகை மாட்டியிருந்த எனக்கு வரப்புத் தகராறும் பாகத் தகராறும் வந்துகொண்டே இருந்தன. வழக்கோடு வரும் கட்சிக்காரர்கள் கத்தரிக்காயும் முருங்கைக்கீரையும் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள். எங்கள் வீட்டில் குழம்பு என்ன என்பதை அன்றைய வழக்குதான் முடிவு செய்யும்.

முதல் வாதி வந்தது வித்தியாசமான வழக்கோடு. அவர்களுடைய ஊருக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே ஏரிக்கரையை ஒட்டி ஒரு நடைபாதை உண்டு. அந்த நிலம் அரசுப் புறம்போக்கு. அங்கே ஒரு பெரிய கிடங்கு கட்ட அரசு முடிவு செய்து அளந்து கல் நட்டுவிட்டது. கிடங்குக்குச் சுற்றுச்சுவர் வந்தால் பாதை போய்விடும். வேறு வழியாகப் பிணம் கொண்டுபோக வேண்டுமென்றால் மேலத்தெருவைக் கடக்க வேண்டும். அந்தத் தெருவில் இவர்கள் செருப்புப் போட்டு நடந்தாலே முறைப்பார்கள். பாடையை விடுவார்களா?

பாதையின் நடுவில் ஓர் அரிச்சந்திரன் கல் இருந்தது. மயானம் காத்தவன் அரிச்சந்திரன், ஆகவே அவனிடம் கேட்காமல் உள்ளே போகக்கூடாது. அந்தக் கல்லருகே பாடையை இறக்கிவைத்து, சூடம் காட்டி, திசை மாற்றித் தூக்கிக்கொண்டு போவது அவர்கள் வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. வாசல் தாண்டிய பாடை எக்காரணம் கொண்டும் வீட்டுப்பக்கம் திரும்பக்கூடாது.

நான் அரசை முதல் பிரதிவாதியாக்கி வழக்குப் போட்டேன். வழக்கு முடியும்வரை சுவர் கட்டக்கூடாது என்று இடைக்காலத் தடையும் வாங்கினேன். அரசு வக்கீல் வாய்தா மேல் வாய்தா வாங்கினார். தடை நம் கையில் இருக்கும்போது வாய்தா யாருக்கு வலிக்கும் என்று நானும் சும்மா இருந்தேன்.

அதற்குள் அரசியல் என்னை இழுத்துக்கொண்டது. இழுத்துக்கொண்டது என்று சொல்வது சும்மா. நானாகத்தான் போய் விழுந்தேன். மொழிப் போராட்டத்தில் கைதான மாணவர்களுக்கு ஆஜரானதில் தொடங்கி, மாலையில் தெருமுனைக் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை மாநாடு என்று ஆகிவிட்டது. கூட்டத்துக்குக் கூட்டம் நான் சொன்ன ஒரு வரி பிரபலமானது: "செத்தவனுக்கும் வழிவிடாத ஆட்சி இது." கைதட்டல் அள்ளும். குவார்ட்டர்ஸ் சுவர்களில் கரியால் எழுதினார்கள். அடுத்த தேர்தலில் ஆட்சி மாறியது. நான் சட்டமன்றத்துக்குப் போனேன். கொஞ்ச காலத்தில் அமைச்சரவையிலும் இடம் கிடைத்தது. கொடுத்த துறை எது தெரியுமா? கிடங்கு கட்டும் அதே துறை. விதிக்கும் மேடைப் பேச்சு கேட்கும் பழக்கம் இருந்திருக்க வேண்டும்.

பதவி ஏற்ற அன்றே வக்கீல் தொழிலை நிறுத்திவைத்தேன். வழக்குகளை எல்லாம் என் ஜூனியரிடம் ஒப்படைத்தேன். ஜூனியர் நிதானமான ஆள். நான் கத்துகிற இடத்தில் அவர் கண்ணாடியைத் துடைப்பார்.

அன்று எங்கள் பக்கம் முழுக்க ஒரே கொண்டாட்டம். திருமழிசையிலிருந்து ஆவடிவரை தோரணம். முதல் வாதியின் ஊர்க்காரர்கள் லாரி வைத்துக்கொண்டு கோட்டை வாசலுக்கே வந்து மாலை போட்டார்கள். பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். "இனி நமக்கு இன்னா கொறச்சல்" என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அந்த வார்த்தைக்குள் என்ன இருந்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

கொஞ்ச மாதம் கழித்து ஒருநாள் பகலில் சட்டமன்றத்திலிருந்து அறைக்கு வந்தால், ஜூனியர் வெளியே உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. சுடுகாட்டுப் பாதை வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது என்றார். வாதிகள் சாட்சி சொல்ல வேண்டிய கட்டம். ஒருவர்கூட வரவில்லை. இவர் வாய்தா கேட்டுப் பார்த்தார். அடுத்த தடவையும் அவர்கள் வரவில்லை. நீதிபதி பொறுத்துப் பார்த்துவிட்டு, வாதிகளுக்கே அக்கறை இல்லாத வழக்கு என்று தள்ளிவிட்டார். வழக்கு போனால் தடையும் போயிற்று. கான்ட்ராக்டர் மறுநாளே செங்கல் இறக்கிவிட்டார்.

நான் கத்தினேன். அவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு ஜூனியர் தயங்கித் தயங்கிச் சொன்னார். இவர் ஊருக்கே போய்க் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். கவர்ன்மென்ட் மேல் போட்ட கேஸ். இப்போது கவர்ன்மென்ட் யார்? நம் வக்கீலய்யா. கூண்டில் ஏறி அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னால் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தது ஆகாதா? ஊர்க்கூட்டம் போட்டு முடிவெடுத்திருக்கிறார்கள், ஐயா மேல் கேஸ் நடத்துவதில்லை என்று. இது அவர்கள் எனக்குச் செய்த மரியாதை. இப்படி ஒரு மரியாதையால் வழக்குத் தோற்ற கட்சிக்காரர்களை என் அனுபவத்தில் வேறு பார்த்ததில்லை.

ஜூனியரை அனுப்பிவிட்டு நான் ஊருக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் தானாக வந்தது. முதல் வாதியின் அண்ணன் இறந்துபோனார். செய்தி வந்தபோது காலை. பாடை கிளம்பிவிட்டது, சுவர் வழியை மறித்து நிற்கிறது என்று ஒரு கட்சித் தோழர் போன் செய்தார். உடனே காரை எடுக்கச் சொன்னேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. சுவர் இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. இந்தப் பக்கம் பாடையைத் தோளில் தாங்கிக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். அரிச்சந்திரன் கல் அந்தப் பக்கம். கீழே இறக்கக்கூடாது, கல்லருகேதான் இறக்க வேண்டும். திரும்பவும் கூடாது. தோள் மாற்றித் தோள் மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். பறை அடித்தவர்கள் அடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். முதல் வாதி அண்ணனின் தலைமாட்டுப் பக்கம் நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கிடங்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் துறைப் பொறியாளர் ஓடிவந்தார். பாவம், வியர்த்து விறுவிறுத்துப்போயிருந்தார். "ஒரு வார்த்தை சொல்லுங்கள் சார், இப்போதே இடித்துவிடுகிறேன்" என்றார். பின்னால் ஊரே தலையாட்டியது. சொல்லுங்கள் ஐயா, சொல்லுங்கள் ஐயா என்று.

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் என்னைத் தோளில் தூக்கியிருப்பார்கள். சுவர் இடிந்திருக்கும், புறம்போக்கு மட்டும் அரசு நிலமாகவே இருந்திருக்கும், எனக்குப் பின்னால் வருகிறவர் இன்னொரு வார்த்தை சொன்னால் சுவர் திரும்ப எழுந்திருக்கும். நாற்காலி யாருக்கும் சாசுவதம் இல்லை. எனக்கு முன்னால் அதில் உட்கார்ந்திருந்தவரை இறக்கியதே நான்தான்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் குதித்தேன். வேட்டி கிழிந்தது. "கொடுங்கள்" என்று கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. பிறகு முதல் வாதி புரிந்துகொண்டார். அவர்கள் பாடையின் முன்பக்கத்தைச் சுவருக்கு மேலே நீட்டினார்கள். நானும் என் பின்னாலேயே குதித்த என் காவலரும் அந்தப் பக்கம் தாங்கினோம். பொறியாளரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தோள் கொடுத்தார். அப்படியே கை மாற்றிக் கை மாற்றி இறந்தவர் சுவரைக் கடந்தார். ஒரு மனிதனுக்குச் சொந்த ஊரில் கடைசி வழி இப்படித்தான் கிடைக்க வேண்டுமா என்று எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கல்லருகே இறக்கினோம். சூடம் ஏற்றினார்கள். பறை மறுபடி கேட்டது.

எல்லாம் முடிந்து ஏரியில் குளித்து வந்த பிறகு ஊர் ஆட்களை வேப்பமரத்தடியில் உட்காரவைத்தேன். துக்க வீடு என்று பார்க்கவில்லை. வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"யாரைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போகாமல் இருந்தீர்கள்?" என்றேன்.

முதல் வாதி ஈரத் துண்டோடு தலைகுனிந்து நின்றார். "உங்க மேலயே கேஸு நடத்துனா நாளிக்கு ஊரு இன்னா பேசும் ஐயா? நன்றி கெட்ட பசங்கோன்னு பேசாதா? நீங்கோ இருக்கசொல்லோ எங்களுக்குக் கோர்ட்டு இன்னாத்துக்கு?"

"நான் எத்தனை நாள் இருப்பேன்?" என்று கேட்டேன். சாவு வீட்டில் கேட்கக்கூடாத கேள்விதான். "நான் கொடுத்தால் அது பிச்சை. கொடுத்தவன் போனால் பிச்சையும் போகும். கோர்ட்டில் வாங்கினால் அது உங்கள் பாத்தியதை. இந்த வழக்கை நான்தான் போட்டேன். இப்போது அது என் மேல் இருக்கிறது. நடத்துங்கள். என்னைத் தோற்கடியுங்கள். நடத்தாமல் இந்தப் பக்கம் மாலையோடு வந்தீர்களானால் வாசலில் நிறுத்திவிடுவேன்."

அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று காரில் வரும்போது தோன்றியது. பொறியாளரிடம், நாளைக்கு ஒருநாள் மட்டும் வேலையை நிறுத்திவைத்தால் போதும், அதற்கு மேல் கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் நிறுத்திவைத்தார்.

மறுநாள் ஜூனியர் தள்ளுபடியான வழக்கை மறுபடி விசாரணைக்கு எடுக்கச் சொல்லி மனுப் போட்டார். முதல் வாதி கூண்டில் ஏறினார். நான் அப்போது சட்டமன்றத்தில் கேள்வி நேரத்தில் இருந்தேன். ஜூனியர் வந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன். போன தடவைகளில் ஏன் வரவில்லை என்று நீதிபதி கேட்டார். எங்கள் வக்கீலே கவர்ன்மென்ட் ஆகிவிட்டார், அவர் மேல் கேஸ் நடத்த மனசு வரவில்லை என்று இவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். இப்போது எப்படி மனசு வந்தது என்று நீதிபதி கேட்டாராம்.

"அவுருதான் வந்து திட்டுனாரு. என் மேல கேஸு நடத்தலன்னா ஊட்டுப் பக்கம் வராதேன்னாரு."

கோர்ட்டே சிரித்துவிட்டது. நீதிபதியும் சிரித்துவிட்டுப் பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு வழக்கை மறுபடி எடுத்துக்கொண்டார். தடையுத்தரவும் திரும்ப வந்தது. இடுப்பு உயரச் சுவர் அப்படியே நின்றது.

அதற்குப் பிறகுதான் என் பாடு தொடங்கியது. கோர்ட்டில் அவர்கள் சிரித்தது பத்திரிகைக்கு வந்துவிட்டது. அமைச்சரே தன் அரசு மேல் வழக்குப் போடச் சொல்கிறார் என்று எதிர்க்கட்சிக்கு அவல் கிடைத்தது. நான் எந்த வரியைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேனோ அதே வரியை என் வீட்டுக்கு எதிர்ச் சுவரில் எழுதிவைத்தார்கள்: செத்தவனுக்கும் வழிவிடாத ஆட்சி இது. காலையில் கதவைத் திறந்து அதைப் பார்த்த என் மனைவி, "எழுத்து அழகாக இருக்கிறது, வரி உங்களுடையதுதானே?" என்றாள். சிரிக்கும் நிலையில் நான் இல்லை.

கட்சியின் மாவட்டத் தோழர்கள் வீட்டுக்கு வந்து கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கை அரிக்கிறது என்று சொந்தக் கண்ணையே குத்திக்கொள்கிறாயே அண்ணே என்றார் ஒருவர். அடுத்த தேர்தலில் உனக்கு இடம் கிடைப்பது சந்தேகம் என்று இன்னொருவர் நேராகவே சொன்னார். துறைச் செயலாளர் மரியாதையாக ஒரு வழி சொன்னார். பாதையை விட்டுக்கொடுத்து ஓர் ஆணை போட்டுவிடலாம், வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லலாம், எல்லார் வாயும் அடைந்துபோகும் என்றார். யோசனை கெட்டிக்காரத்தனமானதுதான். ஆணை போட்ட பேனாவுக்கு ரத்து செய்யவும் தெரியும் என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

அதோடு இன்னொன்றும் செய்தேன். இந்த வழக்கில் வாதிகளின் வக்கீலாக இருந்தவன் நான், ஆகவே இது சம்பந்தமான கோப்பு என்னிடம் வரக்கூடாது, வேறோர் அமைச்சர் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு அரசு வக்கீல் எப்படி வாதாடுவார், என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியாது. அதை எடுத்துக்கொண்ட அமைச்சர் வேலையைச் சுத்தமாகச் செய்கிறவர். விட்டுக்கொடுக்கிற பேச்சே இல்லை. அரசு நிலத்தைக் காப்பது அவர் கடமை; அதை அவர் செய்தார். தோற்றுவிடுவார்களோ என்று எனக்குத் தூக்கம் பிடிக்காத நாட்கள் உண்டு. நானே திட்டிக் கூண்டில் ஏற்றிவிட்டு, கடைசியில் பாதையும் போய், ஆணையும் இல்லாமல் போனால் அந்த ஊர் முகத்தில் எப்படி விழிப்பது?

விசாரணை இழுத்தடித்தது. அரசு தரப்பில் வலுவான வாதம் ஒன்று இருந்தது. சர்வே படத்தில் அப்படி ஒரு பாதையே கிடையாது, அந்தக் கல் வழக்குக்காகச் சமீபத்தில் கொண்டுவந்து நட்டது என்றார்கள். முதல் வாதியைக் குறுக்கு விசாரணையில் அரசு வக்கீல் பிழிந்தெடுத்தார். கல் எப்போது வைத்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இவருக்குத் தெரியவில்லை, தெரியாது என்றே சொன்னார். கடைசியில் ஜூனியர் நீதிபதியை நேரில் வந்து பார்க்கச் சொல்லி விண்ணப்பித்தார்.

நீதிபதி வந்து பார்த்தார். நானும் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று ஆசை; இருக்கக்கூடாது என்று எனக்கே தெரியும். கல்லை ஒட்டி நின்ற வேம்பின் வேர் கல்லை வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்ததாம். வேரை வெட்டாமல் கல்லை எடுக்க முடியாது. கல்லின் மேல் எண்ணெயும் மஞ்சளும் சாம்பலும் அப்பி அப்பி அடைபோல இறுகிக் கிடந்ததாம். நீதிபதி குனிந்து விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

தீர்ப்பு வாதிகள் பக்கம். பாடை தூக்குகிறவர்கள் இருவர் இணையாக நடக்கிற அகலத்துக்குப் பாதை அவர்களுடைய உரிமை, அதை யாரும் எந்தக் காலத்திலும் அடைக்கக்கூடாது, கட்டின சுவரை அரசே இடித்துக்கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. மேல்முறையீடு போகலாமா என்று கோட்டையில் யோசித்தார்கள். அந்த யோசனையும் என் மேசைக்கு வரவில்லை. போகவில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கிடங்கைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார்கள். அரசாங்கம் ஒன்றும் மூழ்கிப்போய்விடவில்லை.

தீர்ப்பு வந்த வாரம் முதல் வாதி என் வீட்டுக்கு வந்தார். பட்டறை உடுப்போடு, வேலை முடிந்து நேரே வந்திருந்தார். கையில் ஒரு பெரிய பூசணிக்காய். வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரலாமா என்று கேட்டார். "அதான் வழக்கு நடத்திவிட்டீர்களே, தாராளமாக வரலாம்" என்றேன். உட்கார்ந்து பூசணிக்காயைத் தரையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உங்களத் தோக்கடிச்சிட்டோமேன்னு மனசு ஒரு மாரியா கீது ஐயா. மெய்யாலுமே கோவம் இல்லியே?"

என் வாழ்நாளில் ஜெயித்த வழக்குகள் நிறைய. இவ்வளவு சந்தோஷமாக ஒரு வழக்கில் தோற்றதில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. பூசணிக்காய் ஒரு வாரம் சாம்பாருக்கு வந்தது.

மாவட்டத் தோழர் சொன்னது பலிக்கவில்லை, எனக்குத் தேர்தலில் இடம் கிடைத்தது. ஆனால் அமைச்சர் பதவி மறுபடி கிடைக்கவில்லை. பிறகு ஆட்சியும் போயிற்று. போனால் போகட்டும் என்று ஆணியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்து உதறினேன். தோள்பட்டையில் பூச்சி அரித்திருந்தது. மனைவி தைத்துக்கொடுத்தாள். பூந்தமல்லியில் அதே டீக்கடை, அதே அறை, அதே வரப்புத் தகராறு. முன்பு எழுந்து நின்று வணக்கம் சொன்ன சிலர் இப்போது பஸ்ஸில் என்னைப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமானதைத் தேடினார்கள். அரசியலில் இது சகஜம். நானும் வேறு சிலருக்குச் செய்திருப்பேன்.

அந்தக் காலத்தில்தான் ஒருநாள் காலையில் செய்தி வந்தது. கிடங்கை விரிவுபடுத்தப் போகிறார்களாம். புதிய அதிகாரி ஜீப்பில் ஆட்களோடு வந்து பாதையின் குறுக்கே கயிறு கட்டிக்கொண்டிருக்கிறாராம். கோர்ட்டுக்கு ஜூனியரை அனுப்பிவிட்டு, கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு பஸ் பிடித்தேன். நெமிலிச்சேரியில் இறங்கி வேகமாக நடந்தேன். வழியெல்லாம் எனக்குள் வாதம் ஓடிக்கொண்டிருந்தது. என்ன பேசுவது, எந்தச் சட்டத்தைச் சொல்வது, பதவி இல்லாத மாஜியின் பேச்சை யார் கேட்பார் என்று.

நான் போனபோது அதிகாரி கயிற்றருகே நின்றுகொண்டிருந்தார். எதிரே முதல் வாதி. தலை நரைத்திருந்தது. பின்னால் ஆண்களும் பெண்களும் ஊரே நின்றது. கூட்டத்தில் யாரோ என்னைப் பார்த்துவிட்டு, வக்கீலய்யா வந்துட்டாரு என்றார்கள். முதல் வாதி திரும்பிப் பார்த்தார். வேம்பின் நிழலைக் கை காட்டி, "வெயில்ல நிக்காதீங்கோ ஐயா, அப்படிக் குந்துங்கோ" என்றார். அவ்வளவுதான். மறுபடி அதிகாரி பக்கம் திரும்பிவிட்டார்.

இது கவர்ன்மென்ட் இடம், உங்களுக்கு யார் பாதை கொடுத்தது என்று அதிகாரி கேட்டார். எந்த அமைச்சர் கொடுத்தார் என்று கேட்டார். அந்த அமைச்சர் இப்போது இல்லை, தெரியுமா என்றும் கேட்டார்.

முதல் வாதி என்னைப் பார்க்கவில்லை. ஊரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை.

"மந்திரி யாரும் குடுக்கல சார்" என்றார் அவர். "அதோ குந்திகினு கீறாரே, அவுரு மந்திரியா இருக்கசொல்லோ அவுரு மேலயே கேஸு நடத்திக் கெலிச்சோம். உங்க மேல நடத்த எங்களுக்கு இன்னா கஷ்டம்?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவருடைய ஆட்கள் கயிற்றை அவிழ்த்துச் சுருட்ட ஆரம்பித்தார்கள்.